ஒரே நிறத்தில் ஒரு மல்லன்



ஜப்பானில் 1979-இல் ஒரு வார இதழில் ‘கின்னிக்குமான்’ என்றொரு சித்திரக்கதை தொடங்கியது. கதை மல்யுத்தத்தைப் பற்றியது. மோதுகிறவர்கள்தான் விசித்திரமானவர்கள். ஒருவனுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. இன்னொருவன் உடம்பே சுருள்கம்பி. வேறொருவன் உடம்பில் கழிப்பறைப் பீங்கான் பதிந்திருக்கும். இந்தியாவிலிருந்தும் ஒரு மல்லன் வருவான், தலைமேல் குழம்பும் சோறுமாக. நம்மைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது, போகட்டும். இந்த மல்லர்களில் பலரை வாசகர்களே கற்பனை செய்து இதழுக்கு அனுப்பி வைத்தார்கள்.

1983-இல் பண்டாய் நிறுவனம் இவர்களைக் கட்டைவிரல் அளவுப் பொம்மைகளாக வார்த்தது. காசைப் போட்டுத் திருகினால் உருண்டை டப்பா ஒன்று விழுமே, அந்த இயந்திரங்களில் விற்றது. பொம்மை தலையிலிருந்து கால்வரை ஒரே நிறம். கண்ணுக்குக் கறுப்பு கிடையாது, உடுப்புக்குச் சிவப்பு கிடையாது. மொத்தம் 418 வகை வந்தன. விற்ற எண்ணிக்கையை 18 கோடி என்று சொல்கிறார்கள். 1985-இல் இதே பொம்மைகளை அமெரிக்காவில் மேட்டல் நிறுவனம் வெளிறிய தோல் நிறத்தில் இறக்கியது. பத்துப் பொம்மைகளைக் குட்டிப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போட்டு விற்றார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்காமல் போகுமா?

1990-இல் ‘மான்ஸ்டர் இன் மை பாக்கெட்’ என்று இன்னொரு வரிசை வந்தது. உலகத்துப் பூதங்கள் 48, அதே ஒற்றை நிற மென்பிளாஸ்டிக்கில். அந்தப் பட்டியலில் நம் காளியையும் சேர்த்திருந்தார்கள். கும்பிடுகிற தெய்வத்தைப் பூதக் கணக்கில் வைப்பதா என்று பிரிட்டனில் இந்துக்கள் ஆட்சேபித்தார்கள். நியாயமான கோபம்தான்.

ஏன் ஒரே நிறம்? செலவுதான் காரணம். பொம்மையை வார்த்துத் தள்ள இயந்திரத்துக்கு அதிக நேரம் ஆகாது. கண் எழுத, மீசை எழுத ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பூச்சு காய இடம் வேண்டும். அமெரிக்காவில் பிளாஸ்டிக் படைவீரர்கள் ஒரே நிறத்தில் வரத் தொடங்கியதற்கும் இதே கணக்குதான். பிற்பாடு பச்சைதான் அவர்கள் அடையாளம் என்றாகிவிட்டது. இப்படிச் சிக்கனத்துக்காக வந்த ஒன்றை, அந்தப் பொம்மைகளோடு வளர்ந்தவர்கள் ரசனையாக எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகின் பல ஊர்களில் தங்கள் வீட்டு மேஜையிலேயே சொந்தமாக ஒரு மல்லனையோ பூதத்தையோ செய்து, ஒரே நிறத்தில் வார்க்கிறார்கள். வண்ணம் பூசும் எண்ணமே அவர்களுக்கு இல்லை.

பூச்சு வேலை இல்லை என்பதால் இது சுலபம் என்று தோன்றும். உண்மையில் இதுதான் கடினம். விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ கொலுப் பொம்மை செய்கிறவர், அச்சில் முகம் சற்று மழுங்கி வந்தாலும் கடைசியில் கண் எழுதும்போது சரிக்கட்டிவிடலாம். ஒற்றை நிறப் பொம்மையில் அந்தச் சலுகை கிடையாது. இங்கே தூரிகை வேலையைச் செய்வது நிழல். கண்ணைப் புடைப்பாக வைத்தால் கொஞ்ச தூரத்திலேயே காணாமல் போகும். குழியாகத் தோண்டினால் நிழல் உள்ளே தேங்கி, பார்வை வந்துவிடும். இடுப்புக் கச்சையின் விளிம்பை நிஜ அளவுக்குச் செய்தால் தெரியாது, மூன்று மடங்கு தடிமனாகச் செய்ய வேண்டும். அந்த ஓட்டை முகத்து மல்லனும் சுருள்கம்பி மல்லனும் ஐந்து சென்டிமீட்டருக்குள் பளிச்சென்று அடையாளம் தெரிவதற்குக் காரணம் இதுதான். அவர்களை நிறத்தை நம்பி யாரும் கற்பனை செய்யவில்லை.

உருவத்தைச் செய்ய ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் போதும். இரண்டு துண்டையும் பிசைந்து, கெட்டிப்படுவதற்குள் உருட்டி ஒட்டி, கெட்டியான பிறகு செதுக்கித் தேய்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் சாம்பல் நிற பிரைமரை ஒரு கை அடியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே வெறுமையாகத் தெரிகிறதோ அங்கே இன்னும் தோண்ட வேண்டும்.

அடுத்து அச்சு. பொம்மையைக் களிமண்ணில் பாதி புதையும்படி படுக்க வைத்து, சுற்றிலும் அட்டையால் வேலி கட்டுவார்கள். களிமண்ணில் அங்கங்கே பேனா மூடியால் சின்னக் குழிகள் போடுவார்கள். பிறகு இரண்டு பாதியும் நழுவாமல் பொருந்த அவைதான் பூட்டு. மேலே சிலிகோன் ரப்பரை ஊற்ற வேண்டும். அது இறுகியதும் திருப்பிப்போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, வாஸ்லின் தடவி மறுபாதியை ஊற்ற வேண்டும். சிலிகோன் அநேகமாக எதோடும் ஒட்டாது, தன்னோடு மட்டும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வாஸ்லின் தடவ மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கட்டியாகி, பொம்மை உள்ளே மாட்டிக்கொள்ளும்.

வார்ப்பதற்குப் பாலியூரித்தேன் ரெசின். இரண்டு திரவங்கள், பெரும்பாலும் சம அளவு. கலந்தபின் சில நிமிடங்களே அவகாசம். சொட்டுச் சொட்டாக நிறமியைக் கலப்பது இந்தக் கட்டத்தில்தான், அதனால் நிறம் பொம்மையின் உள்வரை இருக்கும். கீறினாலும் உரிந்தாலும் வேறு நிறம் தெரியாது.

காற்றுக்குமிழிதான் இந்த வேலையில் பெரிய எதிரி. பொம்மை அச்சுக்குள் தலைகீழாக நிற்கும், பாதம் வழியாக ரெசின் இறங்கும். பொம்மையின் கை கீழே தொங்கினால், அச்சுக்குள் விரல்நுனி மேல்நோக்கி இருக்கும், அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். பொம்மை வெளியே வரும்போது விரல் இருக்காது. அதற்காக விரல்நுனியிலிருந்து வெளியே ஒரு மெல்லிய காற்றுப்பாதை வெட்டுவார்கள். அச்சுக்குள் கொஞ்சம் முகப்பவுடர் தூவினாலும் மேற்பரப்புக் குமிழிகள் குறையும். ஈரம் இந்த ரெசினுக்கு ஆகவே ஆகாது, நுரைத்துவிடும். நம்மூர் ஐப்பசி மழையில் இதை ஆரம்பிக்காதீர்கள். ரெசினிலிருந்து எழும் ஆவியும் உடம்புக்கு நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, அதற்கான முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். கலந்த டம்ளர் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது.

எந்த நிறம் எடுப்பாக இருக்கும்? கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் ரெசினில் வார்த்தால் பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் உள்ளே புகுந்து நிழலைக் கொன்றுவிடும். கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சாம்பல், செங்கல், வெளிறிய தோல் நிறம் போன்ற நடுத்தர நிறங்களில்தான் செதுக்கு நன்றாகப் பேசும். மேட்டலின் அந்தச் சலிப்பூட்டும் தோல் நிறம், இந்தக் கண்ணோடு பார்த்தால் மோசமான தேர்வு அல்ல.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடையில் வாங்கிய பொம்மையை அப்படியே அச்செடுத்து விற்பது திருட்டுதான், ஒரே நிறத்தில் வார்த்தாலும்.

முதல் முயற்சிக்கு இரண்டு பாதி அச்செல்லாம் வேண்டாம். முதுகு தட்டையான, கை உடம்போடு ஒட்டிய உருவம் ஒன்றைச் செய்யுங்கள். ஒரே பக்கம் சிலிகோன் ஊற்றித் திறந்த அச்சாக எடுங்கள். ரெசினுக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும், அரை மணியில் கழற்றிப் பார்க்கலாம். மூக்கு முழுதாக வந்திருந்தால் அடுத்ததற்குப் போகலாம்.