எழுதுதல் என்னும் ஒரே வினை: பிற்காலத்தில் தூரிகை பிடித்தல்



மொழியியல் பயின்றவர் ஒருவரை மேடையேற்றினால் அவர் வேற்றுமை உருபுகளைப் பற்றியோ பேச்சுத் தமிழின் ஒலிமாற்றங்களைப் பற்றியோ பேசுவார் என்று அவையினர் எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நாம் நீர்வண்ண ஓவியம் பற்றிப் பேச வந்துள்ளோம். ஓவியம் நமக்குத் துறையன்று. பணி ஓய்வுக்குப் பின், 61ஆம் வயதில், கடைசி வரிசை மாணவராக அமர்ந்து கற்றது. எனினும் நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் நாம் செய்த பிழை ஒன்றை உணர்த்தியது அக்கல்விதான். ஆதலால் அதனை ஆசிரியர்கள் முன்னிலையில் கூறுவதே முறை எனக் கருதினோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். 'எழுதுதல்' என்பதை இன்று நாம் எழுத்துகளை வரைவதற்கே பெரிதும் வழங்குகிறோம். பழந்தமிழ் வழக்கில் அவ்வினையின் எல்லை விரிந்தது. ஓவியர் ஓவியம் எழுதினர். கண்ணுக்கு மை எழுதினர். மகளிர் மேனியில் தொய்யில் எழுதினர். நெடுநல்வாடையில், அணிகளைக் களைந்து கணவனைப் பிரிந்து வருந்தும் அரசிக்கு, வண்ணம் தீட்டப்பெறாத கோட்டோவியம் உவமையாக வருகிறது. எழுத்தும் ஓவியமும் ஒரே வினையின் இரு பயன்கள் என்பதை நாம் வகுப்பறையில் பல முறை விளக்கியிருக்கிறோம். விளக்கினோமேயன்றி நம் கையால் ஒரு மரத்தையோ ஒரு படகையோ எழுதிப் பார்த்ததில்லை. பள்ளிப் பருவத்தில் "உனக்கு வரைய வராது" என்று எவரோ சொன்ன ஒரு சொல்லை ஐம்பதாண்டுக் காலம் தீர்ப்பாகவே சுமந்து வந்தோம்.

நம் குடியிருப்புக்கு அருகிலுள்ள சமூக மன்றத்தில் நீர்வண்ண வகுப்பு நடந்தது. மாணவர் பன்னிருவர், பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். ஆசிரியர் ஒரு சீனப் பெண்மணி. நம் மகளினும் இளையவர். நம்மை 'அங்கிள்' என்றே அழைத்தார். ஆனால் பிழையைச் சுட்டும்போது அந்த உறவுமுறைக்காகச் சற்றும் இரங்கியதில்லை.

முதல் நாள் நம் கையில் கொடுத்தவை சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் ஒன்று, தூரிகை ஒன்று, மூன்றே வண்ணங்கள். மொழியியலார் அல்லவா? வண்ணத்தை விட்டுவிட்டு அதன் பெயரைத்தான் முதலில் ஆராய்ந்தோம். 'அல்ட்ராமரைன்' என்னும் நீலத்தின் பெயருக்குக் 'கடலுக்கு அப்பால்' என்பது பொருள். ஆப்கானிய மலைகளில் கிடைத்த நீலக்கல் கடல் கடந்து ஐரோப்பாவை அடைந்ததால் வந்த பெயர் அது. 'பர்ன்ட் சியன்னா' என்னும் செம்பழுப்பு, இத்தாலியின் சியன்னா நகர்ப் பெயரைத் தாங்கிய மண்ணைச் சுட்டுப் பெற்றது. 'காம்போஜ்' என்னும் மஞ்சளின் பெயர் கம்போடியாவிலிருந்து வந்தது. நாம் விரும்பி உண்ணும் மங்குஸ்தீனின் இனத்தைச் சேர்ந்த மரமொன்றின் பிசினே அதன் பழைய மூலப்பொருள். வண்ணப் பெட்டி என்பது ஒரு சிறிய வணிக வரலாறு. இவற்றையெல்லாம் பக்கத்தில் இருந்தவரிடம் நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் அருகில் வந்து, "அங்கிள், உங்கள் தாள் காய்ந்துவிட்டது" என்றார்.

நீர்வண்ணத்தின் இயல்பு அதுதான். பொடித்த நிறமியை வேல மர இனத்துப் பிசினில் குழைத்துச் செய்த வண்ணம் நீரில் கரைந்து தாளின்மேல் பரவும். நீர் ஆவியாகும்போது பிசின் நிறமியைத் தாளில் பிணைத்துவிடும். ஈரம் இருக்கும்வரைதான் வண்ணம் நம் சொற்படி நகரும். எண்ணெய் வண்ணத்தில் பிழையின்மேல் மற்றொரு பூச்சுப் பூசி மறைக்கலாம். இங்கே மேற்பூச்சு கண்ணாடி போன்றது. கீழே உள்ளதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெண்மைக்குத் தனி வண்ணம் வைத்துக்கொள்வதும் மரபன்று. வெண்மையாக இருக்கவேண்டிய இடத்தை முதலிலேயே தீர்மானித்துத் தீண்டாமல் விடவேண்டும். எதைச் செய்யாமல் விடுவது என்பதை முன்கூட்டி அறிவதே இக்கலையின் பாதி.

மூன்றாம் வாரம் மன்றத்தின் வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வரையச் சொன்னார். தண்டுக்குப் பழுப்பும் இலைக்குப் பச்சையும் தீட்டினோம். ஆசிரியர் நம் தாளைப் பாராமல் நம்மைப் பார்த்து, "தண்டு என்ன நிறம்?" என்று வினவினார். "பழுப்பு" என்றோம். "மரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பார்த்தோம். வெயில் பட்ட பக்கம் வெளிர்சாம்பல். நிழற்பக்கம் ஊதாவை ஒட்டிய கருஞ்சாம்பல். பாசி படர்ந்த இடங்களில் மங்கிய பச்சை. பழுப்பு எங்கும் இல்லை. நாம் வரைந்தது மரத்தையன்று, 'மரம்' என்னும் சொல்லை.

இது நம்மை உலுக்கிய நிகழ்வு. சொல்லே வாழ்வாக இருந்தவருக்கு, கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே சொல் திரையாக நிற்கக்கூடும் என்பது புதிய பாடம். ஆயினும் சொல்லை மட்டும் பழிப்பது முறையாகாது. தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வண்ணச் சொற்களை ஊன்றி நோக்கினால் அவை வேறொன்றையும் கற்பிக்கும். 'பசு' என்னும் அடியிலிருந்து பசும்புல்லும் வருகிறது, பசும்பொன்னும் வருகிறது, தலைவியின் மேனியில் படரும் பசலையும் வருகிறது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே நம் முன்னோர் வேலி போடவில்லை. காலை வெயிலில் வாழையிலையை வரைய முற்பட்டவர்க்கு இதன் உண்மை விளங்கும்: ஒளி ஊடுருவும் இடத்தில் அவ்விலை பாதி மஞ்சள்தான். மேலும் நம் வண்ணங்கள் பெயராக மட்டும் நிற்பதில்லை. வானம் கறுக்கிறது, முகம் சிவக்கிறது, கிழக்கு வெளுக்கிறது. தொல்காப்பிய உரியியலும் கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் நிறத்தோடு வெகுளியையும் உணர்த்தும் என்கிறது. வண்ணத்தை நிலைத்த பண்பாக மட்டுமன்றி நிகழும் வினையாகவும் கண்ட மொழி இது. மொழியைக் கற்பித்தோம், மொழி காட்டிய திசையில் நாம் பார்க்கத் தவறிவிட்டோம்.

ஐந்தாம் வாரப் பயிற்சி, ஒரே வண்ணத்தை நீரின் அளவை மட்டும் மாற்றி, வெண்மை முதல் அடர்கருமை வரை ஒன்பது படிகளாகத் தீட்டுவது. பலர் ஐந்தாறு படிகளில் திணறினர். நமக்கு ஒன்பதும் எளிதில் அமைந்தன. ஆசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் திறன் இருக்கிறது, இதற்குமுன் எங்கே கற்றீர்கள்?" என்றார். எங்கும் கற்கவில்லை என்றோம். வீடு திரும்பும் வழியில்தான் அவ்விடை தவறு என்பது புலப்பட்டது. கலை, களை, கழை என்னும் சொற்களை ஒலிக்கச் செய்து, ஓரொலிக்கும் அடுத்த ஒலிக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை நாற்பதாண்டு கேட்டுக் கேட்டுப் பழகியவை நம் செவிகள். அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டு வேறுபாடு காண்பதே அத்தொழில். செவி கற்றதை இப்போது கண் கடன் வாங்கிக்கொண்டது.

பிற்காலத்தில் வெளிப்படும் திறன் பலவும் இத்தகையனவே என்பது நம் எண்ணம். அது மண்ணுக்குள் புதைந்து கிடந்த புதையலன்று. நெடுங்காலம் வேறொரு பெயரில் உழைத்துக்கொண்டிருந்த ஆற்றல்.

இதற்குச் சான்று தேட வெகுதூரம் செல்லவேண்டா. 1927இல் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வருகை தந்த இரவீந்திரநாத தாகூரை எண்ணிப் பாருங்கள். கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய இடங்களை அவர் ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டின் 'பூரபி' கையெழுத்துப் படியில் இதனைத் தெளிவாகக் காணலாம். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். 1930இல் பாரிசில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. எஞ்சிய ஆண்டுகளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைப் படைத்தார். அவருடைய ஓவியம் பிறந்த இடம் எது? அடித்தல், திருத்தல். ஆசிரியர்கள் சிவப்பு மையால் வட்டமிடும் அதே இடம்.

நம் சிங்கப்பூரிலும் லிம் செங் ஹோ நீண்ட காலம் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே வார இறுதிகளில் ஆற்றங்கரைப் படகுகளையும் கடைவீடுகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். ஓங் கிம் செங் தாமே பயின்று, பல வேலைகள் பார்த்து, 1985இல் நாற்பதாம் வயதில்தான் முழுநேர ஓவியரானார். 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். இவ்விருவரும் இளமையிலேயே தூரிகை பிடித்தவர்கள். ஆகவே தாகூரோடு ஒருசேர வைக்கத்தக்கவர்கள் அல்லர். தொடக்கம் தாமதமாவது ஒன்று. நேரம் தாமதமாகக் கிடைப்பது மற்றொன்று. ஆனால் 'காலம் கடந்துவிட்டது' என்னும் தீர்ப்பு இரு சாராரிடத்தும் தோற்றுப்போனது.

இனி நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பிழைக்கு வருவோம்.

எரிக் லென்னபெர்க் 1967இல் வெளியிட்ட நூலில், மொழியை இயல்பாகப் பெறுவதற்கு உரிய பருவம் ஒன்று உண்டென்றும் அது பூப்புப் பருவத்தோடு முடிவடைகிறதென்றும் வாதிட்டார். அக்கொள்கையை நாம் ஆண்டுதோறும் கற்பித்தோம். அது முதன்மையாகப் பேச்சுமொழியைப் பற்றியது. முதியவர் எழுத்துக் கற்பதைத் தடுக்கும் எதுவும் அதில் இல்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஐம்பத்தெட்டு வயதுடைய அம்மையார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மலாயாத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டு இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். "ஐயா, எனக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கத்துக் கொடுப்பீங்களா? பேத்திக்கு என் கையாலே ஒரு கடுதாசி எழுதணும்" என்றார். நாம் கனிவோடுதான் பேசினோம். "அம்மா, இந்த வயதில் 247 எழுத்துகளையும் பழகுவது துன்பம். நீங்கள் சொல்லுங்கள், வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம்" என்றோம். அவர், "சரிங்க ஐயா" என்று சொல்லி எழுந்து சென்றார். மீண்டும் வரவில்லை.

பள்ளியில் நமக்குச் சொல்லப்பட்ட "உனக்கு வரைய வராது" என்பதை, முனைவர் பட்டத்தின் துணையோடு, கனிவான குரலில் நாம் அவருக்குச் சொல்லியிருக்கிறோம். தூங்குமூஞ்சி மரத்தின்முன் பழுப்புத் தூரிகையோடு நின்ற அன்றுதான் அவர் முகம் நினைவுக்கு வந்தது. அவ்விளம் ஆசிரியர் நம்மிடம் "உங்கள் வயதில்" என்னும் சொற்றொடரை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. "மரத்தைப் பாருங்கள்" என்று மட்டுமே சொன்னார். அந்த அம்மையாரைப் பின்னர்த் தேடினோம், காண இயலவில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பு நம்மிடமே தங்கிவிட்டது.

முதுமையின் தடைகள் பொய்யென்று நாம் கூறவில்லை. கை நடுங்கும். கண்ணின் வில்லை வயதோடு மஞ்சளாவதால் நீலம் மங்கித் தோன்றும். கற்றது விரைவில் மறக்கும். ஆனால் இவை கற்பிக்கும் முறையை மாற்றுவதற்கான காரணங்கள். கதவை அடைப்பதற்கான காரணங்கள் அல்ல.

சென்ற ஆண்டு முதல் சனிக்கிழமை மாலைகளில், வீவக அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில், நான்கு முதியவர்களோடு அமர்ந்து எழுத்துப் பழகி வருகிறோம். பேனாவைத் தொடுவதில்லை. அகலத் தூரிகையை நீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையில் எழுதுகிறோம். பெரிய எழுத்தைத் தோளிலிருந்து கையை அசைத்து எழுதுவதால் விரல் நடுக்கம் தடையாவதில்லை. பிழையாக எழுதியது சிறிது நேரத்தில் தானே உலர்ந்து மறைகிறது. அழிப்பானும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. அகரத்திலிருந்து தொடங்குவதும் இல்லை. அவரவர் பெயரே முதற்பாடம். பின்னர்ப் பிள்ளைகளின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர். ஒருவர் மூன்றாம் வாரத்தில் தம் மனைவியின் பெயரைத் தரையில் எழுதி, அது உலரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பின்பு மீண்டும் எழுதினார்.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. "உனக்கு வராது" என்னும் சொல்லை எந்த வயதினர்க்கும் வழங்காதீர்கள்; அதனைக் கனிவோடு வழங்குவது இன்னும் கொடிது, கேட்டவரால் சினங்கொள்ளவும் இயலாது. மாணவர்களிடம் வேண்டுவதும் ஒன்றே. உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ எழுத்தறியாமல் இருந்தால், அவருடைய பெயரை எழுத அவருக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு தூரிகையும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும்.

நம் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கத்தக்கன அல்ல. ஆயினும் தூங்குமூஞ்சி மரத்தை இப்போது அதன் நிறத்திலேயே எழுதுகிறோம்.