பசிக்கு இட்ட பெயர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேசி வரும் இந்த அவையில், வேற்றுலகத்து உயிருண்ணிகளைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறேன். தலைப்பை அறிவித்தபோது சிலர் புன்னகை செய்ததைக் கண்டேன். அந்தப் புன்னகையில் தவறில்லை. ஆயினும், பகைவனை எவ்வாறு படைப்பது என்பது கவிஞர்களாகிய உங்களுக்கும் உரிய கேள்வியாகும். அக்கேள்வியை ஓர் அறிவியல் புனைகதை எவ்வாறு எதிர்கொண்டது, எங்கே தடுமாறியது என்பதையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இரத்தம் குடிப்போர் இருவகையினர் ஒரே ஆண்டில் இங்கிலாந்தில் அச்சேறினர். 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் வெளிவந்தது. அதே ஆண்டில் எச்.ஜி.வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' இதழொன்றில் தொடராக வந்து, 1898இல் நூலாயிற்று. டிராகுலா பழைய மரபைச் சேர்ந்த காட்டேரி. சிலுவையைக் கண்டு அஞ்சுபவன். பாவத்தின் நிழலில் வாழ்பவன். வெல்ஸின் செவ்வாய்க் கிரகத்தாரையோ எந்தச் சாபமும் தொடரவில்லை. அவர்களுக்குச் செரிமான உறுப்புகள் இல்லை. ஆகவே உயிருள்ள மனிதரின் குருதியை எடுத்துத் தம் நாளங்களில் செலுத்திக்கொள்கின்றனர். நமது புலால் உணவு ஒரு முயலுக்கு எவ்வளவு அருவருப்பாகத் தோன்றும் என்று கதைசொல்லி நம்மை எண்ணிப் பார்க்கச் சொல்கிறான். செவ்வாய்க் கிரகத்தாரைக் கடிந்துகொள்ளுமுன், டாஸ்மேனியத் தொல்குடியினருக்கு ஐரோப்பியக் குடியேறிகள் இழைத்த பேரழிவையும் முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறான். காட்டேரியிடமிருந்து பாவத்தை நீக்கிப் பசியை மட்டும் விட்டுவைத்தவர் வெல்ஸ் என்பது என் துணிபு.

அந்த வழியில் நெடுந்தொலைவு சென்ற படைப்பு ஒன்று உண்டு. 2004 முதல் 2009 வரை ஐந்து பருவங்களாக, 100 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரே அது. 1994இல் வந்த 'ஸ்டார்கேட்' திரைப்படத்திலிருந்து கிளைத்த கதையுலகத்தைச் சேர்ந்தது. அதில் வரும் பகைவர் 'ரெய்த்' எனப்படுவோர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஆவியுரு என்று பொருள். வெளிறிய தோல், நீண்ட நரைமுடி, உள்ளங்கையில் ஒரு பிளவு. அந்தக் கையை மனிதனின் மார்பில் பதித்தால், அவன் வாழவேண்டிய ஆண்டுகள் எல்லாம் அவர்களுக்குள் பாய்ந்துவிடும். இளைஞன் சில நொடிகளில் முதியவனாகிச் சாவான். அவர்கள் குடிப்பது இரத்தத்தை அன்று, ஆயுளை.

இவர்களின் தோற்றக்கதை கவனத்திற்குரியது. 'ஏன்ஷியன்ட்ஸ்' என்னும் மூத்த நாகரிகத்தார் பெகாசஸ் விண்மீன் மண்டலத்தின் உலகங்களில் மனித உயிரை விதைத்தனர். அங்கே இரையின் உயிராற்றலை உறிஞ்சும் பூச்சியினம் ஒன்று இருந்தது. அது மனிதரை உண்டு உண்டு, மனிதக் கூறுகளையும் ஏற்றுப் பரிணமித்ததே ரெய்த் இனம். விதைத்தவர்களே பகைவரின் பிறப்புக்கும் காரணமாயினர். இறுதியில் அவர்களிடமே தோற்று, அட்லாண்டிஸ் நகரைக் கடலடியில் ஆழ்த்திவிட்டுச் சென்றனர். பத்தாயிரம் ஆண்டுகளுக்குப்பின் பூமியிலிருந்து ஒரு குழு அந்நகரை அடைவதில் கதை தொடங்குகிறது.

பரணி படித்த நமக்குப் பசித்த பேய்கள் புதியவை அல்ல. கலிங்கத்துப்பரணியில் அவை காளியிடம் பசியை முறையிடுகின்றன. போர் முடிந்தபின் களத்திலே கூழ் அடுகின்றன. ஆனால் அந்தப் போரை மூட்டியவை பேய்கள் அல்ல. அரசர்கள் பொருத களத்தில் அவை உண்டன, அவ்வளவே. பசித்தவனைக் காட்டும்போதே களத்தை உண்டாக்கியவனையும் காட்டுவது நல்ல படைப்பின் இயல்பு. இத்தொடர் அதைத்தான் முதற்கதையிலேயே செய்கிறது. மனிதத்தொகை மீண்டும் பெருகும்வரை ரெய்த் இனத்தார் நெடுந்துயிலில் இருப்பது வழக்கம். சிறைப்பட்ட தோழர்களை மீட்கச் சென்ற ஷெப்பர்ட் என்னும் வீரன், அவர்களுக்குக் காவலிருந்தவளைக் கொல்கிறான். அதனால் அனைவரும் காலத்திற்கு முன்பே விழித்துக்கொள்கின்றனர். உண்ண வேண்டியோர் பலர், உணவோ குறைவு. மண்டலம் முழுவதும் நேர்ந்த பேரழிவுக்கு நம்மவரின் ஒரு வீரச்செயலே வாயில் திறந்தது.

அதன்பின் அச்சம் மனிதரை என்னென்ன செய்விக்கிறது என்று பாருங்கள். ஹாஃப் என்னும் உலகத்தார் ஒரு மருந்து காண்கின்றனர். அதனை ஏற்றவனை உண்டால் ரெய்த் இறந்துபோவான். ஆனால் மருந்தை ஏற்றவர்களிலும் பாதிப்பேர் இறக்கின்றனர். அதை அறிந்தபின்பும், தொடர்ந்து வழங்குவதென்றே அம்மக்கள் வாக்களிக்கின்றனர். அந்த வாக்கெடுப்பைப் பார்த்தபோது எனக்கு ரெய்த்தைக் கண்ட அச்சத்தைவிட மிகுந்த அச்சம் உண்டாயிற்று.

எல்லியா என்னும் ரெய்த் சிறுமியின் கதை வேறு. குழந்தைப் பருவத்தில் ரெய்த் நம்மைப் போலவே உணவு உண்ணும். பருவமெய்தும்போதுதான் அந்தப் பசி வரும். அவளை எடுத்து வளர்த்தவர் ஒரு மனிதர். அவளது பசியைத் தணிக்க அவர் தாமே மருந்து தேடுகிறார். பூமியிலிருந்து வந்த மருத்துவரிடம், ரெய்த்தை மனிதனாக்கக்கூடிய மருந்தொன்று முற்றுப்பெறாத நிலையில் இருப்பதை அறிந்து, அவளே அதை எடுத்துச் செலுத்திக்கொள்கிறாள். மனுஷியாக விரும்பியவள் பூச்சியின் தன்மைக்குத் திரும்பிக் கொல்லப்படுகிறாள். பிறந்த இயல்பை வெறுக்கக் கற்ற ஒரு மகளின் துயரம் அது.

அடுத்து வந்த செயலை மன்னிப்பது கடினம். அதே மருந்தைச் செம்மைப்படுத்தி, சிறைப்பட்ட ரெய்த் ஒருவனுக்குச் செலுத்துகின்றனர். அவன் மனித உருப்பெற்று, நினைவிழந்து விழிக்கிறான். நீ பூமியைச் சேர்ந்த வீரன், உன் பெயர் மைக்கேல் என்று சொல்லி நம்ப வைக்கின்றனர். உண்மையை அவன் கண்டுகொள்கிறான். தப்பித் தன் இனத்தாரிடம் போகிறான். அவர்களோ அவனை மாசுற்றவனாக ஒதுக்குகின்றனர். இரு கரையிலும் இடமில்லாத அவன், பின்னாளில் ஹாஃப் உலகத்தாரின் அதே மருந்தைப் பல உலகங்களில் பரப்பி மனிதரைக் கொல்கிறான். அவன் கொடியவன்தான். ஆனால் அவனை உருவாக்கிய ஆய்வுக்கூடம் நம்முடையது.

மறுபுறம் இன்னொருவன். ஷெப்பர்டும் ஒரு ரெய்த்தும் ஒரே சிறையில் அடைபடுகின்றனர். சிறைப்பிடித்தவர்கள் மனிதர்கள். ஷெப்பர்டின் ஆயுளைத் தவணை தவணையாக அந்தப் பசித்தவனுக்கு ஊட்டச் செய்கின்றனர். இருவரும் சேர்ந்து தப்புகின்றனர். முடிவில், எடுத்த ஆயுளை எல்லாம் அவன் திருப்பித் தந்துவிடுகிறான். எடுக்கும் கையாலேயே கொடுக்கவும் முடியும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது.

பசி குற்றத்தை விளக்கலாம், குற்றத்தைத் துடைத்துவிடுமோ என்று நீங்கள் கேட்கக்கூடும். துடைக்காது. உண்ணப்படுகிறவனுக்கு எதிர்த்துப் போராட உரிமை உண்டு. அதில் எனக்கு ஐயமில்லை. போராடும்போது நாம் எதுவாக மாறுகிறோம் என்பதையும் கணக்கில் எழுதவேண்டும் என்பதே என் வேண்டுகோள். இத்தொடரும் எப்போதும் அதில் வெற்றி பெறவில்லை. முகமூடி அணிந்த ரெய்த் போர்வீரர்கள் பகுதிதோறும் சுடப்பட்டு வீழ்கின்றனர். அவர்களுக்காக யாரும் ஒரு கணமும் நிற்பதில்லை.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்கேல் என்பது மனிதர் இட்ட பெயர். ஆயுளைத் திருப்பித் தந்தவனுக்கு டாட் என்று பெயரிட்டவன் ஷெப்பர்ட். ஹாஃப் மருந்தின் சோதனைக்குப் பலியான கைதியை ஸ்டீவ் என்று விளையாட்டாக அழைத்தவனும் அவனே. இவர்கள் தம் மொழியில் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதைத் தொடரின் 100 பகுதிகளிலும் நாம் கேட்கவில்லை.

கவிஞர்களே, உங்கள் கவிதைகளிலும் பகைவர்கள் வருகிறார்கள். அவர்களைப் பேய் என்றும் அரக்கர் என்றும் எளிதாக எழுதிவிடுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். இனி அப்படி எழுத நேரும்போது, அவனுக்கு என்ன பசி, அவன் வீட்டில் அவனை எப்படி அழைப்பார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். அதன்பின்பும் அவனைச் சபிக்க வேண்டியிருந்தால் சபியுங்கள். அந்தச் சாபத்துக்கு அப்போது உண்மையின் எடை இருக்கும்.