முதுகில் போட்ட ஊசி, காதில் வந்த அடைப்பு
(சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் வங்கியில் கணக்கு எழுதியவன். மருத்துவம் படித்தவன் அல்ல. பட்டதைச் சொல்கிறேன்.

சென்ற வருடம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் இல்லை. கூடவே, குளத்தில் முங்கி எழுந்ததுபோல வலது காதில் அடைப்பு. மனைவி கூப்பிட்டதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. 'வயசாச்சுல்லா' என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். தையல் பிரிக்கப் போன அன்று மனைவிதான் டாக்டரிடம் சொன்னாள்.

அவர் விளக்கினார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. ஊசி குத்திய துளை வழியாக அது கசிந்தால் அழுத்தம் குறையும். உள்காதோடு அந்த நீருக்கு நுண்ணிய குழாய்த் தொடர்பு உண்டு. அதனால் அங்கேயும் சமநிலை கெட்டு, கேள்வி மங்கும். பலருக்குக் காதைச் சோதித்தால்தான் தெரியும். பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகிவிடும். கசிவு நிற்காவிட்டால், நம் ரத்தத்தையே சிறிது எடுத்து முதுகில் அந்த இடத்தருகே செலுத்தி அடைப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு வாரத்தில் காது திறந்தது.

1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர் இந்த முறையில் ஆபரேஷன் செய்தார். தன் முதுகிலும் ஊசி போடச்செய்து, பல நாள் தலைவலியோடு படுத்தார். இன்று ஊசிகள் மெலிந்துவிட்டன, கசிவும் குறைந்துவிட்டது. ஆகவே ஊசிக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் மூன்று காரியம் மறக்க வேண்டாம். முன்பே காது மந்தமென்றால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் காது அடைத்தாலோ இரைந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள். திடீர்க் காது மந்தத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதற்குச் சில நாட்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எனக்குச் சொல்ல மனைவி இருந்தாள். நம் தெருவில் பல வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில். பெரியவர் ஒருவர் மட்டும். அப்படி ஒருவர் ஆபரேஷன் முடிந்து வந்தால், வாசலில் நின்று ஒரு குரல் கூப்பிட்டுப் பாருங்கள். கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.