புலச்செறிவு: எது செறிந்திருக்கிறது?



வேதியியல் பாடவேளையில் ‘கரைசலின் செறிவு’ என்கிறோம். அடுத்த பாடவேளையில் ‘மின்புலச் செறிவு’ என்கிறோம். சொல் ஒன்று, பொருள் வேறு. கரைசலின் செறிவு என்பது குறிப்பிட்ட பருமனில் எவ்வளவு உப்பு கரைந்துள்ளது என்ற கணக்கு. அதே நினைவில் மாணவர், புலம் செறிந்த இடத்தில் மின்னூட்டம் நிரம்பியிருப்பதாக எண்ணிவிடுகிறார். ஒரு புள்ளியில் ஓரலகு நேர் மின்னூட்டத்தை வைத்தால் அது உணரும் விசையே அங்குள்ள மின்புலச் செறிவு. மின்னூட்டமே இல்லாத வெற்றிடத்திலும் அது இருக்கலாம். அலகு நியூட்டன்/கூலூம், அதுவே வோல்ட்/மீட்டர்.

இந்த இரண்டாம் அலகைச் சற்று விரித்துச் சொல்லுங்கள். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட். நடைமேடையில் நிற்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. சரக்குப் பெட்டியின் மேல் ஏறினால்? மின்னழுத்தம் அதேதான், இடைவெளி குறையக் குறையச் செறிவு கூடும். கைவிரல், கம்பி போன்ற முனைகளில் இன்னும் கூடும். சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட்டை எட்டினால் காற்றே மின்சாரத்தைக் கடத்திவிடும். அதனால்தான் 2 மீட்டர் விலகியிருக்கச் சொல்கிறது ரயில்வே.

‘தொட்டால்தானே ஷாக் அடிக்கும்’ என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். வரையறையை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், ‘தொடாமலேயே ஏன் அடிக்கும்?’ என்று கேளுங்கள். அந்த விடை மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் உதவும்.