காற்றாலைமேல் பழி போடும் முன்



எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்தார். "புயல் அடித்தால் காற்றாலையும் சோலாரும் கைகொடுக்குமா? அனல்மின் நிலையம் இருந்தால்தானே விளக்கு எரியும்?" நாகர்கோவில்காரர்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி இது. இங்கிருந்து புறப்பட்டால் சற்று நேரத்தில் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்றில் அங்கே சுற்றுகிற விசிறிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

இதே கேள்வி ஆஸ்திரேலியாவில் எழுந்தது. 2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம். சூறாவளிச் சுழல்கள் இரண்டு இறங்கி, 275 கிலோவோல்ட் மின்பாதைகளின் கோபுரங்களை முறித்துப் போட்டன. இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்து எழுந்தது. அந்த அதிர்ச்சியில் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் ஏழு நொடிக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்துவிட்டன. சப்பரம் தூக்குகிறவர்களில் நாலு பேர் சட்டென்று தோளை விலக்கினால் மிச்சப் பேர் கதி என்ன? விக்டோரியா மாநிலத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரும் ஹேவுட் இணைப்பின்மேல் அத்தனை பாரமும் விழுந்தது. தாங்காமல் அதுவும் துண்டித்துக்கொண்டது. மாலை 4.18 மணிக்கு மாநிலம் முழுக்க இருட்டு. சுமார் எட்டரை லட்சம் இணைப்புகள்!

மறுநாளே அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல், மாநிலங்கள் வைத்திருந்த புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்குகளைக் குறை கூறினார். போர்ட் அகஸ்டாவின் நிலக்கரி மின்நிலையத்தை அந்த ஆண்டு மே மாதம்தான் மூடியிருந்தார்கள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனது. மறுதரப்போ, "எல்லாம் புயல் செய்த வேலை, காற்றாலைக்கு இதில் பங்கே இல்லை" என்று சாதித்தது. பிறகு மின்சந்தை நிர்வாக அமைப்பு நொடி நொடியாகப் பிரித்து ஆராய்ந்து, 2017 மார்ச்சில் இறுதி அறிக்கையை மக்கள் முன் வைத்தது.

அந்த அறிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டு தரப்புக்கும் அது சலுகை காட்டவில்லை. காற்று கூடுவதும் குறைவதும் அன்றைய இருட்டுக்குக் காரணமில்லை என்று சொன்னது. அதே சமயம், அந்தக் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு செட்டிங் இருந்ததையும் எடுத்துக் காட்டியது. இரண்டு நிமிடத்துக்குள் குறிப்பிட்ட தடவைக்கு மேல் மின்னழுத்தம் சரிந்தால் உற்பத்தியைக் குறைத்துவிடு என்ற ஏற்பாடு. அப்படியொன்று உள்ளே இருப்பதே மின்தொகுப்பை நடத்தியவர்களுக்குத் தெரியாது. அந்த செட்டிங்கைப் பின்னர் மாற்றினார்கள்.

இன்னொரு செய்தியும் அதில் இருக்கிறது, அண்ணாச்சி. மொத்தமும் அணைந்துபோனால் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்ப வேண்டும் என்று இரண்டு நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இரண்டுமே எரிவாயு நிலையங்கள். தேவைப்பட்ட அந்த நேரத்தில் இரண்டும் கைவிட்டன.

அடுத்து அந்த மாநிலத்தார் செய்ததுதான் முக்கியம். மின்தொகுப்பு இப்படித் தடுமாறும்போது தாங்கிப் பிடிக்க, ஜேம்ஸ்டவுன் அருகே ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணைக்குப் பக்கத்தில் 100 மெகாவாட் பேட்டரி நிறுவினார்கள். அதை முறைப்படி தொடங்கிவைத்த நாள் 2017 டிசம்பர் 1. அந்தத் தேதியை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய நாள்தான் ஒக்கி புயல் நம்மைத் தாக்கியது.

ஒக்கியில் நாம் கடலில் இழந்த உயிர்களுக்கு எந்தப் பேச்சும் ஈடாகாது. நான் கரையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ரப்பர் மரம் கம்பிமேல் சாய்ந்தது. கம்பி கம்பத்தை இழுத்தது. கம்பம் ரோட்டில் கிடந்தது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். யோசித்துப் பாருங்கள். நம் மலையில் கோதையாறு நீர்மின் நிலையம். கணவாயில் காற்றாலை. பக்கத்து மாவட்டத்தில் கூடங்குளம் அணு உலை, ஒன்றே 1,000 மெகாவாட். இத்தனையும் சுற்றி இருந்தும் நம் வீட்டில் மெழுகுவர்த்தி! நிலக்கரி மின்சாரம் வந்தாலும் காற்று மின்சாரம் வந்தாலும் அதே கம்பி வழியாகத்தான் வர வேண்டும். கம்பி அறுந்தால் எதுவும் வராது.

மாடியில் சோலார் போட்டவர்கள் கேட்கிறார்கள், "வெயில் அடிக்கிறது, கரண்ட் போனதும் என் சோலாரும் ஏன் நிற்கிறது?" மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைன் அணைந்ததும் தானே நின்றுவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் நம் வீட்டு மின்சாரம் கம்பியில் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் உயிரைப் பறித்துவிடும். அந்தப் பாதுகாப்பு அவசியம். ஆனால் பேட்டரியும், வெளி லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிடுகிற அமைப்பும் சேர்த்து வைத்தால், தெருவே இருண்டாலும் அந்தக் கட்டடத்தில் விளக்கு எரியும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ஒவ்வொரு புயல் பாதுகாப்பு மையத்துக்கும், ஒவ்வொரு குடிநீர்த் தொட்டி மோட்டாருக்கும் அது வேண்டும். வீட்டு மாடிக்கு மானியம் கொடுத்தால் மட்டும் போதாது.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் பழைய இயந்திரங்கள் நிறைய. அவற்றை மாற்றிப் புதுப்பிக்க 2024இல் அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. அதை வரவேற்கிறேன். ஆனால் புதிய இயந்திரம் உயரமாக இருக்கிறதா, அதிகம் உற்பத்தி செய்கிறதா என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரியும்போது அது தாக்குப்பிடிக்குமா? அதன் செட்டிங் மின்தொகுப்பை நடத்துகிறவர்கள் கையில் எழுத்தில் இருக்கிறதா? சோதித்துப் பார்த்தார்களா? இந்த மூன்றையும் கேட்டுப் பதில் வாங்காமல் ஒரு விசிறிக்கும் இணைப்பு கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காற்றாலை வேண்டாம் என்கிற நண்பர்களையும், காற்றாலையில் குறையே இல்லை என்கிற நண்பர்களையும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது கட்டண உயர்வைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். கடலோர ஊர்களில் எத்தனை கிலோமீட்டருக்குப் புதைவடம் போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அடுத்த புயலில் எந்த மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரத்தில் மின்சாரம் திரும்பும் என்று கேளுங்கள். பெரிய மின்தடை ஒவ்வொன்றுக்கும் பிறகு, என்ன பழுதானது, ஏன் பழுதானது என்று தமிழில் ஓர் அறிக்கை வெளியிடச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.