படகு மோட்டாரும் நம்மவர் பங்கும்

   



கல்வி, விவாகச் செலவு, குல ஒற்றுமை ஆகியன பற்றிப் பெரியோர் பலர் இச்சபையில் பேசியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ படகின் பின்பலகையில் தொங்கும் மோட்டார். இது சங்கத்துக்குரிய விஷயமா என்று சிலர் ஐயுறலாம். மீன் விற்ற பணத்தில் முதற்கண் கழிக்கப்படுவது எண்ணெய்ச் செலவு; எஞ்சியதே படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்காகின்றது. ஆகவே வீணே எரியும் ஒவ்வொரு லிட்டரும் படகுடையாரை மட்டுமன்று, உடன் சென்ற ஆளின் வீட்டு அடுப்பையும் தொடுகின்றது. இதனினும் சங்கத்துக்குரிய விஷயம் வேறு யாது?

நம் முன்னோர் கட்டுமரத்தையும் பாயையும் துடுப்பையும் கொண்டு கடலாண்டனர். எந்த மரத்தை நடுவில் வைப்பது, கயிற்றை எவ்வாறு முறுக்குவது என்பதைப் பாட்டன் பேரனுக்குக் கற்பித்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பார் 1909-ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கிய அவுட்போர்டு மோட்டாரின் வழித்தோன்றல்களே இன்று நம் கரையில் ஓடுவன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கட்டுமரங்களை உடைத்தெறிந்த பின், பைபர் படகும் மோட்டாரும் குப்பந்தோறும் பெருகின. பொருள் வந்தது, அதற்குரிய பாடம் உடன் வரவில்லை. கொண்டுவந்தவர் திருகாணியை முடுக்கிய உயரமே பல படகுகளில் இன்றும் நிலைத்துள்ளது.

முதலாவது, உயரம். விசிறிக்கு, அதாவது புரொப்பெல்லருக்கு, நேர்மேலே மோட்டாரின் காலில் ஒரு தட்டை இதழ் உண்டு. மேற்காற்று விசிறிக்குள் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. படகைச் சமதரையில் நிறுத்தி, நேரான மரச்சட்டம் ஒன்றை அடிப்பகுதியோடு ஒட்டிப் பின்னோக்கி நீட்டுக. அத்தட்டு சட்டத்தின் மட்டத்திலோ, அதற்கு ஓர் அங்குலம் வரை தாழவோ இருத்தல் வேண்டும். மோட்டாரின் கால் சாதாரணமாய் 15 அங்குலம், 20 அங்குலம் என இருவகையில் வருகின்றது. 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குலக் காலை மாட்டினால் விசிறி 5 அங்குலம் மேலெழுந்து நிற்கும். அலையில் பின்புறம் தூக்கும்போது அது நீரை விட்டுக் காற்றை உறிஞ்சும். யந்திரம் அலறும், படகு நகராது. குளிர்விக்கும் நீரும் உள்ளேறாமையால் யந்திரம் சூடேறிக் கெடும். கரையோர அலையைக் கடக்கும் நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அதற்கஞ்சி மிகத் தாழ்த்துவதும் தவறே. காலின் பெரும்பகுதி நீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். நம்மைப் போல் மணலில் படகேற்றுவோர்க்கு விசிறி தரையில் இடித்து இதழ் வளையும். பின்பலகை தாழ்ந்திருந்தால் மேலே மரத்துண்டு வைத்து உயர்த்துக. உயர்ந்திருந்தால் அதற்கேற்ற நீண்ட காலுள்ள மோட்டாரையே கொள்க. சாய்வையும் பார்த்தல் வேண்டும்: ஓடும்போது அத்தட்டு நீர்மட்டத்துக்கு இணையாய் நிற்பதே நன்று. கால் படகை நோக்கி உள்ளடங்கினால் அணியம் நீரில் முகம் புதைக்கும். மிக வெளித்தள்ளினால் அணியம் வானம் பார்க்கும்.

இரண்டாவது, விசிறி. அதன்மேல் 9¼ × 8 என்பது போன்ற எண்கள் பொறித்திருக்கும். முன்னது விட்டம், பின்னது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில். மரத்தில் திருகாணி ஏறுவதை நினைவிற் கொள்க. நீர் மரம்போல் உறுதியன்று. ஆதலின் சிறிது வழுக்கும். யந்திரம் நிமிஷத்துக்கு 5,000 சுற்றும், விசிறி அதில் பாதியாகிய 2,500 சுற்றும் சுற்றுவதாகக் கொள்வோம். 8 அங்குல விசிறி வழுக்காதிருந்தால் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் செல்லும். வலையும் ஆட்களும் ஏறிய படகு 15 கிலோமீட்டரே சென்றால் பாதித் தூரம் வழுக்கலிற் போயிற்றென்று பொருள்.

செஞ்சிச் சாலையில் கரும்புப் பாரம் ஏற்றிய லாரி மேட்டில் சிறு கியரில் ஏறுகின்றது. ஸ்கூட்டரின் வேகத்தை அது நாடுவதில்லை. அவ்வாறே பாரப்படகுக்கு முன்னேற்ற எண் குறைந்து, இடங்கொள்ளுமளவு விட்டம் பெருத்த விசிறியே உகந்தது. வேகப்படகுக்குரிய விசிறியை மாட்டினால் யந்திரம் மூச்சுத்திணறிக் கரியடைந்து ஆயுள் குறையும்.

சோதிக்கும் வழி எளிது. வழக்கமான பாரத்துடன் முழு விசையில் ஓட்டி, ஸ்பார்க் பிளக் கம்பியிற் சுற்றும் சிறு சுற்றெண்ணியால் அளந்திடுக. மோட்டாருடன் வந்த புத்தகத்தில் முழுவிசைக்குரிய சுற்றெல்லை கண்டிருக்கும். அதற்குக் குறைந்தால் முன்னேற்ற எண் குறைந்த விசிறியும், மிகுந்தால் கூடிய விசிறியும் தேவை. ஆனால் உயரத்தைச் சரிசெய்த பின்னரே இச்சோதனை செய்க; காற்றுறிஞ்சும் விசிறி பொய்க்கணக்கே காட்டும். நீண்ட தண்டுடைய டீசல் யந்திரங்களுக்கு மேற்சொன்ன தட்டு விதி பொருந்தாது. விசிறி விதி அவற்றுக்கும் பொருந்தும். எதுவாயினும் யந்திரத்தை நிறுத்திய பின்னரே விசிறியிற் கைவைக்க வேண்டும்.

சரியான விசிறி வாய்த்த பின்னும் எப்பொழுதும் முழுவிசை வேண்டுவதில்லை. விசிறிக்கு வேண்டிய சக்தி சுற்றின் மும்மடிப் பெருக்கத்தால் ஏறுவது. சுற்றை 100-க்கு 10 குறைத்தால் சக்தித் தேவை 100-க்கு 27 குறையும். சந்தைக்கு முந்தும் அவசரமில்லாத நாளில் இஃது எவ்வளவு மிச்சம்!

ஆகவே நாம் வேண்டிக்கொள்வன மூன்று. குப்பத்துக்கு ஒரு சுற்றெண்ணியைச் சங்கம் வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். வெவ்வேறு முன்னேற்ற எண்ணுள்ள இரண்டு மூன்று விசிறிகளைச் சோதனைக்கென இரவல் தரட்டும். படித்த நம் வாலிபர்கள் ஆண்டுக்கொரு நாள் கரைக்கு வந்து படகுதோறும் அளந்து எழுதிவைக்கட்டும். பாட்டன் கயிறு முறுக்கக் கற்பித்தான். பேரன் அங்குலம் அளக்கக் கற்பிக்கட்டும். கடன்பட்டு வாங்கிய மோட்டார் கடனை அடைக்க வேண்டுமேயன்றிக் கடனைப் பெருக்கலாகாது.