பீருக்கு எந்தத் தண்ணீர்?

(வேதியியல் துறைப் பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் கைதட்டல் கொஞ்சம் பலமாகவே இருந்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் இருக்கும் இங்கிலாந்தில், சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ள 1963-லிருந்து லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆகவே இது அந்த ஊர்ச் சமாச்சாரம். நீங்கள் கெமிஸ்ட்ரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீரில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மால்ட்டிலிருந்து வரும் பீனாலோடு சேர்ந்து மருந்துக்கடை வாடை அடிக்கும். அதனால் பலர் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். கருவியிலுள்ள கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும், சவ்வு உப்புகளை எடுத்துவிடும். "அதான் சுத்தமாயிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கத் தோன்றும். சிக்கலே அங்கேதான். பீர் காய்ச்ச வேண்டிய உப்புகளும் அதோடு போய்விடுகின்றன.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை உடைத்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மால்ட்டிலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தக் கலவையின் பி.எச். 5.2-லிருந்து 5.6-க்குள் இருப்பது நல்லது. (பி.எச். என்ற அளவுகோலே ஒரு பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான். கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் லேபில், 1909-ல், சோரென்சென் தந்தது. நமக்குப் பாடம் நடத்தும்போது இதை மட்டும் யாரும் சொல்லவில்லை!) வெளிர் மால்ட்டை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் போட்டால் பி.எச். 5.7, 5.8 என்று நின்றுவிடும். கால்சியம் இருந்தால் அது மால்ட்டிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகும், ஹைட்ரஜன் அயனி வெளியே வரும், பி.எச். இறங்கும். பைகார்பனேட் இதற்கு நேர் எதிரி. கால்சியத்தால் மட்டும் இறங்குவது கொஞ்சம்தான். மீதிக்குச் சில மில்லி லாக்டிக் அமிலம். பிற்பாடு ஈஸ்ட் திரண்டு அடியில் படிவதற்கும் கால்சியம் உதவும்.

இதெல்லாம் தெரியாமலேயே ஊர்கள் தங்கள் தண்ணீருக்கேற்ற பீரைக் கண்டுபிடித்திருந்தன. பில்சன் தண்ணீரில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். அங்கே 1842-ல் யோசப் கிரோல் காய்ச்சிய பொன்னிற பீர் உலகப் பிரசித்தம். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளிலோ ஜிப்சம் மண்டிக் கிடக்கும். 1820-களில் இந்தியாவுக்குக் கப்பலேறிய கசப்பான பேல் ஏல் அந்தத் தண்ணீரில் பிறந்ததுதான். டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். கருக வறுத்த பார்லியின் அமிலம் அதைச் சரிக்கட்டிவிடுவதால் கறுப்பு ஸ்டவுட் அங்கே நன்றாக வந்தது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் பர்ட்டன் தண்ணீரை உப்புக்கு உப்பு நகல் எடுக்கிறார்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராம் சல்பேட்! எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பர்ட்டனிலேயே கிணற்றுக்குக் கிணறு அளவு மாறும். பழைய காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பைகார்பனேட்டைப் படியவிட்ட பிறகே உபயோகித்தவர்கள் உண்டு. அட்டவணையில் இருக்கும் தண்ணீரும் அண்டாவுக்குள் போன தண்ணீரும் ஒன்றல்ல. நகல் எடுத்தவருக்கு மிஞ்சுவது, வாரக்கணக்கில் காத்திருந்த 20 லிட்டர் தாதுநெடி அடிக்கும் பீர்.

கொஞ்சமாகப் போட்டாலே போதும். கணக்கு நம்ம பி.எஸ்ஸி. முதல் வருஷக் கணக்குதான். ஜிப்சத்தின் மூலக்கூறு எடை 172, அதில் கால்சியம் 40. ஆக ஒரு கிராமில் 233 மில்லிகிராம் கால்சியம். 20 லிட்டரில் போட்டால் லிட்டருக்குச் சுமார் 12. ஹாப்ஸ் கசப்பு துலக்கமாகத் தெரிய வேண்டுமென்றால் 20 லிட்டருக்கு 5 கிராம் ஜிப்சம், 2 கிராம் கால்சியம் குளோரைடு. லிட்டருக்குக் கால்சியம் 85, சல்பேட் 140, குளோரைடு 48 மில்லிகிராம் கிடைக்கும். மால்ட்டின் இனிப்பும் திண்மையும் முன்னால் நிற்க வேண்டுமானால் ஜிப்சம் 1 கிராம், குளோரைடு 4 கிராம். மக்னீசியம் பற்றிக் கவலை வேண்டாம், மால்ட்டே கொடுத்துவிடும்.

ஸ்பூனால் அளக்காதீர்கள், தராசு வேண்டும். கால்சியம் குளோரைடு ஐப்பசி மழையில் உப்பு ஜாடி மாதிரி நசநசத்துவிடும். ஈரம் குடித்த உப்பில் எடை இருக்கும், சரக்கு குறைவாக இருக்கும். டப்பாவில் 'டைஹைட்ரேட்' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் சொன்ன கணக்கு அதற்குத்தான். நீரற்ற உப்பை அதே எடைக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உணவுத் தரம் என்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். சாக்பீஸும் ஜிப்சம்தானே என்று யாரும் பொடித்துப் போட்டுவிடாதீர்கள்.

கறுப்பு பீருக்குப் பி.எச். ரொம்ப இறங்கினால் சுண்ணாம்புக்கல் பொடி போடச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. அது சரியாகக் கரையாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா கரைந்து வேலை செய்யும்.

செயலாளர் மணியடித்துவிட்டார். ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் கடினத்தன்மை பார்ப்பது இன்னும் யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ, அவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.